அக்டோபர் மாதத்து விந்தணுக்கள்

அவளுடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எட்டயபுரத்துக்கே வந்து, வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி என்னைப் பற்றி நாலு விஷயம் சொல்லிவிட்டுத்தான் திரும்புவாள். அந்த நாலும் உண்மையாக இருக்கும் என்பதுதான் பயம். அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். அப்போதும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு மீன் ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளர். நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவன். எலும்பு மீன்களின் விந்தணு எப்படி அமைந்திருக்கிறது, காலப்போக்கில் எப்படி மாறிவந்தது என்பது என் தலைப்பு. ஊரில் கேட்டால் "மீன்வளம்" என்று சொல்லிப் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவேன்.

முதல் நாள் உள்ளே நுழைந்தபோது, அக்கா நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிவைத்தபடி 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் ஈரத் துணிக்கடியில் ஒரு கொடுவாய் மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. சாகப்போகும் மீனுக்காக ஒரு ஆத்மா வேண்டிக்கொள்கிறதே என்று என் நெஞ்சு இளகிவிட்டது. செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். செபம் முடிந்தது. மறுபடி தொடங்கியது. நாலாவது தடவை பாதியில் சட்டென்று நின்றது.

"மூணரை. என்னல மரம் மாதிரி நிக்க? அந்த நோட்ல எழுது. பெறவு மீனத் தொட்டியில விடு, பாவம், அதுக்கு மூச்சு முட்டுது."

"மூணரை என்னக்கா?"

"மூணரை மரியே. பின்ன, மூணரை கிலோவா?"

விஷயம் இதுதான். கடல் மீனின் விந்து, மீனின் உடம்புக்குள் இருக்கும்வரை அசைவதில்லை. கோடிக்கணக்கான அணுக்கள் வாலைச் சுருட்டாமல், நீட்டாமல், சும்மா கிடக்கும். அதன்மேல் ஒரு சொட்டுக் கடல்நீர் பட்டதும் அத்தனையும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு ஓடும். ஆற்று மீனுக்கு இது தலைகீழ். அதை நல்ல தண்ணீர்தான் எழுப்பும். எழுந்த விந்தணு ஓடுவது ஒரு நிமிடமோ, கொஞ்சம் கூடவோ குறையவோ. அதற்குள் முட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு சக்தி தீர்ந்து நின்றுவிடும். எந்த உப்பில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைத்தான் நாங்கள் அளந்துகொண்டிருந்தோம். நுண்ணோக்கியோடு ஒரு கேமரா இருந்ததாம். உப்புக்காற்று அதைத் தின்று ஏப்பம் விட்டு நாளாகியிருந்தது. அதன் பிறகு அந்தக் கூடத்தின் கடிகாரம் அக்காவின் வாய்தான்.

அவள் வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடக்கும். முட்டை அவிய ரெண்டு தேவரகசியம், அதாவது இருபது மரியே சொச்சம். தேயிலை இறங்க ஆறு மரியே. ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தால் எத்தனை செபத்தில் வண்டி வரும் என்று பக்கத்து பைக்குக்காரனுக்கு ஆரூடம் சொல்லுவாள். யாராவது அவளிடம் சண்டைக்கு வந்தால், பதில் சொல்லும் முன் வாய்க்குள் மூன்று மரியே. உதடு மட்டும் அசையும். சாபம் விடுகிறாள் என்று நினைத்து எதிராளி பாதியிலேயே இறங்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

"சுவர்ல கடிகாரம் தொங்குதேக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது பேட்டரி தீந்து நின்னா எவனுக்கும் தெரியாது. நான் நின்னா கோயில் மணி அடிப்பாவல்லா, ஊருக்கே தெரியும்."

ஒரு மத்தியானம் அவளுக்குத் தெரியாமல் கைபேசியை மேசைக்கடியில் வைத்து, ஒரு மரியே எவ்வளவு நேரம் என்று அளந்து பார்த்தேன். பதினைந்து நொடி. மறுபடி அளந்தேன், பதினைந்தேதான். அன்றிலிருந்து அவள் நோட்டில் இருந்த எண்களையெல்லாம் பதினைந்தால் பெருக்கி, நொடி என்று தலைப்புப் போட்டு என் கணினியில் ஏற்றினேன். என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் இதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கணினியில் ஏறிய எண்ணைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை.

விந்தணுக்களைப் பற்றி அக்கா பேசுவதைக் கேட்க வேண்டும். மனிதன், ஆடு, சுறா எல்லாவற்றின் விந்தணுவுக்கும் தலையில் ஒரு தொப்பி உண்டு. முட்டையின் உறையைக் கரைத்து உள்ளே போவதற்கான சரக்கு அதில்தான் இருக்கும். எலும்பு மீன்களில் மிகப் பெரும்பாலானவை அந்தத் தொப்பியைத் தொலைத்துவிட்டன. காரணம், அவற்றின் முட்டையில் விந்தணு நுழைவதற்கென்றே பொடியாக ஒரு துளை இருக்கிறது. இதைப் பத்துப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போய் அவளிடம் படித்துக் காட்டினேன்.

"கதவத் தொறந்து வச்சிருக்க வீட்டுக்குக் கடப்பாரையோட எவம்ல போவான்?" என்றாள். பத்துப் பக்கமும் அவ்வளவுதான்.

"குளிர் தேசத்துல ஸ்டர்ஜன்னு ஒரு பழைய சாதி மீன் இருக்குக்கா. அதோட முட்டையில நிறையத் துளை. ஆனாலும் விந்தணுத் தலையில தொப்பி இருக்கு."

"இருக்கும். வெயில்லயும் கோட்டக் கழத்தாத மாமாமாரு எங்க தெருவுலயும் உண்டும்."

தொட்டியில் குஞ்சாகவே ஈனும் கப்பி மீனின் விந்தணுவைப் படத்தில் காட்டினேன். அது பெண் மீனின் உடம்புக்குள்ளேயே போய்ச் சேர வேண்டியது. தலை நீண்டிருக்கும். தலைக்கும் வாலுக்கும் நடுவில் சக்தி தயாரிக்கும் பகுதி மற்ற மீன்களைவிட மிகப் பெரிது. "இதுக்கு மட்டும் ஏன் இம்புட்டு?" என்று நானே பாடம் நடத்துகிற மாதிரி இழுத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டவுன் பஸ்ஸுக்கும் மெட்ராஸ் பஸ்ஸுக்கும் ஒரே அளவாவா டீசல் ஊத்துவான்?"

கொடுவாய்மேல் அவளுக்குத் தனிப் பொறாமை. அந்த மீன் ஆணாகப் பிறந்து, சில வருடம் ஆணாக வாழ்ந்து, பிறகு பெண்ணாக மாறும். பேராசிரியர் அறைக்குள் வரும்போதெல்லாம் அவர் காதுபட மீனிடம் சொல்லுவாள், "ஒனக்காவது ப்ரமோசன் உண்டு. நான் சேந்த அன்னைக்கும் தற்காலிகம், இன்னைக்கும் தற்காலிகம்." பேராசிரியர் கேட்காத மாதிரி கண்ணாடியைத் துடைப்பார்.

இந்த நேரத்தில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் வீட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் முனைவர் என்று அச்சாக வேண்டும். பெண்ணின் தாய்மாமா என்னைப் பற்றி விசாரிக்க ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் நுண்ணோக்கிக்கு முன்னால் வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்தார். அக்கா விளக்கிக்கொண்டிருந்தாள்.

"மீனோட விந்து எம்புட்டு நேரம் ஓடும்னு பாக்கான் அண்ணாச்சி. நல்ல பையன். வேற எந்தக் கெட்ட பழக்கமும் கெடையாது."

தாய்மாமா என் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போனார். பட்டம் வரட்டும், பார்க்கலாம் என்று தகவல் வந்தது. என் கல்யாணம் முழுக்க அந்த ஆய்வேட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நல்லவேளையாக ஆய்வேட்டில் ஒரு வைரம் கிடைத்திருந்தது. அக்டோபர் மாதத்தில் கொடுவாயின் விந்தணு மற்ற மாதங்களைவிட நீண்ட நேரம் நீந்துகிறது! ஒரு வருடம் என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். மூன்று வருடமும் அக்டோபரில் கோடு ஏறி, நவம்பரில் இறங்கியது. வடகிழக்குப் பருவமழை, கடலில் கலக்கும் ஆற்றுத் தண்ணீர், மாறும் உப்பு, அதற்கேற்ப விந்தணுவை நீண்ட ஓட்டத்துக்குத் தயார்செய்த பரிணாமம் என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். மே மாதத்திலும் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. அதற்குக் கோடையைக் காரணம் காட்டினேன். பேராசிரியர் படித்துவிட்டு என் தோளில் தட்டினார். அவர் யார் தோளிலும் தட்டி நான் பார்த்ததில்லை.

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம் இருக்கும்போது யாரோ ஒரு புண்ணியவான் பங்குச் சாமியாரிடம் போய், "மாதா செபத்த மீன் விந்து முன்னால உக்காந்து சொல்லுதா" என்று வத்தி வைத்துவிட்டான். சாமியார் பைக்கில் வந்து இறங்கினார்.

"ஏம்மா, நீ இங்கன செபம் சொல்லுததா ஒரு பேச்சு வந்திச்சு. உண்மையா?"

"உண்மைதான் சாமி. எங்கம்மா முட்டை அவிக்கையில சொன்னா. நான் முட்டைக்கு முந்துன கட்டத்துக்குச் சொல்லுதேன்."

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டு, என்னதான் பார்க்கிறாய், காட்டு என்றார். அக்கா ஒரு கொடுவாயின் வயிற்றைத் துடைத்து, மெல்ல அழுத்தி, ஒரு துளி வெள்ளையை எடுத்துக் கண்ணாடியில் வைத்தாள். சாமியார் குனிந்து பார்த்தார். அசையாத புள்ளிகள். அக்கா கடல்நீரைச் சேர்த்தாள்.

"ஏசுவே!" என்றார் சாமியார். அந்தச் சத்தம் கூடத்தின் கடைசித் தொட்டிவரை கேட்டது.

அக்கா பக்கத்தில் நின்று செபத்தைத் தொடங்கினாள். முதல் மரியே முடிந்தது. ரெண்டாவதும் முடிந்தது. சாமியார் தலையை நிமிர்த்தினார். முகம் கடுகடுவென்று இருந்தது. வந்தது வினை, அக்கா தொலைந்தாள் என்று நினைத்தேன்.

"இது என்ன ஓட்டம்? மூச்சு விடாம ஓட்டுத? மாதாவுக்கு ஒரு வார்த்தையாவது காதுல விழுமா?"

"அக்டோபர்லா சாமி," என்றாள் அக்கா. "செபமாலை மாசம். தெனமும் சாயங்காலம் தெருவோட ஒக்காந்து மாலையோட அம்பத்து மூணு மணிக்கும் மரியே சொல்லுதோம். கூட்டத்தோட சொல்லிச் சொல்லி நாக்கு ஓட்டமாப் பழகிப் போச்சு. மாசம் முடிஞ்சா தானா நெதானத்துக்கு வந்திரும்."

"போன மாசம் கோயில்ல நல்லாத்தானே சொன்ன. நிதானமாச் சொல்லு," என்று சொல்லிவிட்டு, சாமியார் மறுபடி குனிந்து மிச்சத்தையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். விந்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

கூடமே சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கைபேசியை எடுத்து, அக்கா அடுத்த சொட்டுக்குச் சொன்ன மரியேயை அளந்தேன். பதினோரு நொடி.

"அக்கா," என்றேன். "மே மாசம்?"

"அதுவும் மாதா மாசந்தானலே. என்ன, ஒரு மாதிரி இருக்க?"

விந்தணு எப்போதும் போலத்தான் ஓடியிருக்கிறது. அக்காவின் நாக்குத்தான் வேகமாக ஓடியிருக்கிறது. அதே நேரத்துக்குள் கூடுதலாகச் செபம் சொன்னாள். நான் அதைப் பதினைந்தால் பெருக்கி, பருவமழையையும் பரிணாமத்தையும் கூப்பிட்டு வைத்துக் கச்சேரி நடத்தியிருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் முகத்துக்கு நேராகக் கத்தினேன். உன் செபத்தால் என் மூன்று வருடம் போனது, பட்டம் போனது, கல்யாணம் போனது என்று கத்தினேன். படித்தவர்கள் வேலை செய்யும் இடத்தில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்றும் சொன்னேன். அக்காவின் உதடு அசைந்தது. ஒரு மரியே. ரெண்டு. மூன்று.

"நான் நோட்ல எழுதுனது மரியே," என்றாள். "அதச் செகண்டுன்னு மாத்தி எழுதுனது யாரு?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே டீ கொண்டுவந்து வைத்தாள். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் நோட்டை எடுத்து என் எதிரே விரித்தாள்.

"இங்க பாரு. ஒரு நாளுல கடல் தண்ணியில ஒரு தடவ, பாதி உப்புல ஒரு தடவ, நல்ல தண்ணியில ஒரு தடவன்னு எண்ணியிருக்கேன். அன்னைக்கு முழுக்க ஒரே வாய், ஒரே வேகம். அதுல எது கூட, எது கொறச்சங்கது மாறாதுல்லா? கொடுவாய்க்கும் மடவை மீனுக்கும் உள்ள வித்தியாசமும் மாறாது. மாசத்தோட மாசத்தச் சேத்து வச்சுப் பாத்தாத்தான் தப்பு. அந்த ஒரு அத்தியாயத்தக் கிழிச்சிப் போடு. மிச்சத்த ஒழுங்கா எழுது. எப்படி எண்ணுனோம்னும் எழுது."

"செபத்துல எண்ணுனோம்னு எழுதினா சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டும். பொய் எழுதிப் பட்டம் வாங்குனா நான் சிரிப்பேன். அது ஒனக்குத் தாங்காது."

தாங்காதுதான். வைரத்தைக் கிழித்துப் போட்டேன். பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "எழுது. வாய்மொழித் தேர்வுக்கு வாரவன் நம்ம ரெண்டு பேரையும் உப்புக்கண்டம் போடுவான்," என்றார். ஆய்வுமுறைப் பக்கத்தில் உள்ளபடியே எழுதினேன்: நேரம், உதவியாளர் வாய்விட்டுச் சொன்ன செபத்தால் அளக்கப்பட்டது. அந்தச் செபத்தின் நீளம் மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது.

தேர்வாளர் சென்னையிலிருந்து வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர். பொது வாய்மொழித் தேர்வு என்பதால் யாரும் வந்து உட்காரலாம். பெண்ணின் தாய்மாமா முன்வரிசையில் இருந்தார். அக்கா கடைசி வரிசையில், டீ கொண்டுவந்த ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். தேர்வாளர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார்.

"இது என்ன, ஆய்வா, நவநாள் செபமா?"

அரங்கம் குபீரென்று சிரித்தது. தாய்மாமாவும் சிரித்தார். யார் அந்த உதவியாளர் என்று கேட்டார் தேர்வாளர். அக்கா எழுந்து நின்றாள்.

"எங்கே, ஒன்று சொல்லிக் காட்டுங்கள். நான் நேரம் பார்க்கிறேன்."

"சொல்ல மாட்டேன் சார்."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு எழுந்து ஓடிப்போய் அவள் காலில் விழலாம் போல இருந்தது. பதினைந்து நொடி வேலை. அதற்குள் என் வாழ்க்கை அடங்கிவிடும். சொல்லித் தொலைத்தால் என்ன?

"சும்மா சொல்லிக் காட்டுததுக்கு அது பாட்டு இல்ல சார், செபம். மீன் இருந்தாச் சொல்லுவேன். கூடம் பக்கத்துலதான், வாங்க."

தேர்வாளருக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா தெரியவில்லை. எழுந்துவிட்டார். அவர் பின்னால் அரங்கமே ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அக்கா தொட்டியிலிருந்து ஒரு கொடுவாயைப் பிடித்தாள். "கை ஈரமா இருந்தா துடைங்க சார், ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் முன்கூட்டியே ஓடிரும்," என்று அவரையே அதட்டினாள். அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். கைபேசியில் நேரம் பார்க்கும் கடிகாரத்தைத் திறந்து, கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு, நுண்ணோக்கியில் குனிந்தார்.

"எல்லாம் செத்துக் கிடக்கிறதே."

"பொறுங்க சார்."

அக்கா கடல்நீர்ச் சொட்டை விட்டாள். தேர்வாளரின் முதுகு ஒரு தடவை குலுங்கியது. அக்கா செபத்தைத் தொடங்கினாள். அது அக்டோபர் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. அவர் ஒரு கையால் திருகைத் திருப்பிக்கொண்டே, "ஆகா, இங்கே பார், இங்கே பார்," என்று யாரிடமோ சொன்னார். மூன்றாவது மரியேயில், "சோர்ந்துவிட்டன," என்றார். நாலாவதில், "எல்லாம் நின்றுவிட்டன. இல்லை, ஓரத்தில் ஒன்று இன்னும் போகிறது. போகிறது..." என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நின்றுவிட்டது," என்றார். வீட்டில் யாரோ தவறிப்போன மாதிரி இருந்தது அவர் குரல்.

நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது; இமைக்காமல் பார்த்ததால் இருக்கலாம். கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நானும் பார்த்தேன். கட்டைவிரல் வைத்த இடத்திலேயே இருந்தது. திரையில் வெறும் பூஜ்ஜியங்கள். அவர் அதை அழுத்தவே இல்லை.

கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை, பேராசிரியர் பக்கமும் திரும்பவில்லை. அக்காவிடம் கேட்டார்.

"எவ்வளவும்மா ஆச்சு?"

அக்கா பாதியில் நின்ற செபத்தை முழுக்கச் சொல்லி முடித்து, சிலுவை போட்டுக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னாள்.

"நாலே கால் சார்."

அவர் என் ஆய்வேட்டை வாங்கி, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் நாலே கால் என்று எழுதினார். அதன் பக்கத்தில் நொடி என்றும் போடவில்லை, நிமிடம் என்றும் போடவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.